பெரிய பூப் போட்ட கோடி

போன மாதம் மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு ரெடிமேட் கடைக்குள் நுழைந்தேன். செங்கல் சுடும் காளவாசல் போட்டு முன்னுக்கு வந்தவள் நான். அந்த இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கும்போதெல்லாம் ஊருக்கே என் தொழிலின் பெயரை வைத்த மாதிரி ஒரு மிதப்பு வரும். வந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம்?

கண்ணாடிக்குள் ஒரு குர்தா தொங்கியது. மயில் கழுத்து நிறம், நல்ல பருத்தி, முழங்கை வரை கை, இரண்டு பக்கமும் பாக்கெட். சாவியையும் போனையும் இடுப்பில் செருகிச் செருகியே காலம் தள்ளியவளுக்குப் பாக்கெட்டைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைப்பெண்ணைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னேன்.

"யாருக்கும்மா, பேத்திக்கா?"

"எனக்குத்தான்."

நான் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவள் ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும், முதலாளி வரைக்கும் போயிருப்பேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்மா. லைனிங் இருக்கு, வேர்க்காது. போட்டுப் பாருங்க" என்று கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

குர்தாவைத் தலைவழியாக இறக்கும்போது முகத்தில் புதுத்துணியின் கஞ்சி வாசனை அடித்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் தீபாவளி ஞாபகம் வரும், பள்ளிக்கூடம் திறக்கிற நாள் ஞாபகம் வரும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டவள். எனக்கு வந்தது என் நாத்தனார் தெய்வானையின் ஞாபகம்.

என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த அக்காள் அவள். மதுரை டவுனில் வாக்கப்பட்டவள். நாங்கள் உசிலம்பட்டியில் மண் மிதித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் மாடி வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அதனால் குடும்பத்தில் யாருக்கு ஜவுளி எடுப்பதென்றாலும் அவள்தான் முன்னால் நடப்பாள். "உங்களுக்கெல்லாம் டவுன் கடையில பேசத் தெரியாது" என்பாள். எனக்குப் பேசத் தெரியாதாம்! கல் எடுக்க வந்த காண்ட்ராக்டர்களை எல்லாம் நான் பேசிய பேச்சில் வாயடைத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது பிறகு.

என் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். எங்கள் பக்கம் பெண்ணைச் சீக்கிரம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் கொடுத்தார்கள், நானும் அப்படியே கொடுத்தேன். அதனால் மாமியார் ஆகும்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தலையில் ஒரு நரை கிடையாது. கல் சுமந்த உடம்பு, தேக்குக் கட்டை மாதிரி இருப்பேன். நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்வதற்கு இப்போது வேறு ஆள் இல்லை.

வேன் பிடித்து மாசி வீதிக் கடை ஒன்றுக்குப் போனோம். அப்போதெல்லாம் தரையில் வெள்ளை மெத்தை விரித்திருப்பார்கள். செருப்பை விட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கடைக்காரர் அடுக்கிலிருந்து உருவி உருவி வீசுவார், சேலை காற்றில் விரிந்து மடியில் வந்து விழும். வசதியான ஆள் என்று தெரிந்தால் கலர் சோடா வரும். அன்றைக்குச் சோடா நாத்தனாருக்கு முதலில் போனது. பணம் என் இடுப்பில் இருந்தது.

எல்லாருக்கும் எடுத்து முடித்த பிறகு எனக்கு என்று நான் ஒன்றை உருவினேன். கத்தரிப்பூ நிறம். உள்ளங்கை அகலத்துக்குப் பூ. தோளில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். கட்டிய நாளிலிருந்து நான் எனக்காக ஒரு சேலை எடுத்ததில்லை. மாமியார் எடுத்துக் கொடுப்பார், இல்லையென்றால் யாராவது விசேஷத்தில் வைத்துக் கொடுப்பார்கள். கண்ணாடியில் நின்றவளைப் பார்த்து, இவள் நல்லாத்தான் இருக்கிறாள் என்று தோன்றிய அதே நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏத்தா, கல்யாணம் ஒம்மகளுக்கா, ஒனக்கா?"

மெத்தையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமில்லை, யாரென்றே தெரியாத பேரையூர்க்காரக் கூட்டம் ஒன்றும் சேர்ந்து சிரித்தது.

"பொண்ணக் குடுத்தாச்சுன்னா மாமியாடி. மாமியாளுக்கு இம்புட்டுப் பெரிய பூ என்னத்துக்கு? அண்ணே, அந்தப் பொடிக் கலர எடுங்க, இவளுக்கு அது போதும்."

கடைக்காரர் என் தோளிலிருந்த சேலையை என்னைக் கேட்காமலே உருவினார். மூக்குப்பொடி நிறத்தில் ஒன்றை மடியில் போட்டார். என் வீட்டுக்காரர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அக்காள் சொன்னால் அவருக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு. சோடா குண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று அதைத்தான் கட்டினேன். பந்தி நேரம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏத்தா, சும்மாதான நிக்கிற? அந்தத் தண்ணியக் கொண்டா இங்கிட்டு."

பெண்ணைப் பெற்றவள் நான். கல்யாணச் செலவு முழுதும் நான் அப்போதுதான் போட்டிருந்த காளவாசலின் புகை. அவர் என்னைச் சமையல்காரர் கூட்டி வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். பெரிய மனிதரைச் சபையில் சங்கடப்படுத்தக்கூடாது என்று செம்பைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். அப்படியே திரும்பினால், இரண்டாவது வரிசையில் என் நாத்தனார். பச்சைப் பட்டு. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அவ பொண்ணோட ஆத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாயசத்தைக் குடித்தாள்.

அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இவளுக்குச் செய்கிறேன் என்று. சாமியிடம்கூடச் சொல்லவில்லை. சாமி மன்னிக்கச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அதற்குப் பிறகு நான் வளர்ந்தது ஊருக்கே தெரியும். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை வரைக்கும் மாடி வீடு தெரிந்தால் அதில் என் கல் இருக்கும். கையில் காசு புரண்டதும் முதலில் அந்த மாசி வீதிக் கடைக்குத்தான் போனேன். அதே ஆள். "வாங்க பெரியம்மா, உங்களுக்கு அந்தப் பக்கம்" என்று மூலையைக் காட்டினார். உட்கார்ந்தேன். மேலடுக்கு, கீழடுக்கு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். பிரிக்கச் சொன்னேன். முந்தானையைக் காட்டச் சொன்னேன். மெத்தை தெரியாமல் சேலை குவிந்த பிறகு, "ஒண்ணும் நல்லா இல்லண்ணே" என்று எழுந்து செருப்பைப் போட்டேன். அன்று ராத்திரி எனக்கு வந்த தூக்கம் மாதிரி அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

கடைகள் மாறின. மெத்தை போய் மேசை வந்தது, மேசைக்கு மேல் மாடிமேல் மாடி வந்தது, லிப்ட் வந்தது. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் தலையில் நரையைப் பார்த்ததும் கை அதே மூலையைக் காட்டியது. சாம்பல், பொடி, புகையிலை, அழுக்குப் பச்சை. காளவாசலில் அதிகம் வெந்து கருகிய கல்லை அடுக்கி வைத்தால் இந்த நிறங்கள்தான் இருக்கும். அந்தக் கல்லை நாங்கள் விற்க மாட்டோம், ஒதுக்கிப் போட்டுவிடுவோம். இவர்கள் அதையே மடித்து வைத்து எங்களுக்கு விற்றார்கள். துணியாவது தேறுமா? முதல் துவைப்பிலேயே சேலை கரண்டைக்காலுக்கு மேல் ஏறிவிடும். வயசானவள் எத்தனை நாள் கட்டப் போகிறாள் என்ற கணக்கு.

நான் அந்த மூலைக்கு ஒருநாளும் போனதில்லை. கல்லூரிப் பெண்கள் நிற்கும் இடத்தில் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு நின்று எடுத்தேன். நல்ல நூல், நல்ல நிறம், பெரிய பூ. எடுத்ததை எந்த வீட்டு விசேஷத்துக்குக் கட்டுவேன் தெரியுமா? நாத்தனார் வருகிற விசேஷத்துக்கு மட்டும். நேராகப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன்.

"என்னடி காளவாசக்காரி, திருவிழாத் தேரு மாதிரி வந்திருக்க? பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் அடங்கலையா?"

"தேரு வந்தா எந்திரிச்சு நிக்கணும் மதினி. உக்காந்திருக்கீகளே."

அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே பாயசம் குடிப்பேன். பாயசம் எப்போதுமே நன்றாக இருந்தது.

இதற்கிடையில் அவள் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவள் போட்ட சட்டம் அவள் கழுத்தையே பிடித்தது. பச்சைப் பட்டும் மாம்பழ மஞ்சளும் பீரோவுக்குள் போயின. பொடிக் கலரும் சாம்பலுமாகத் திரிந்தாள். வாய் மட்டும் குறையவில்லை. எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அவள் பீரோவில் வைத்துப் பூட்டியதை நான் வெளியில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, தெய்வானை போய்விட்டாள் என்று போன் வந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறாள். என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். காரில் மதுரைக்குக் கிளம்பினோம். செக்கானூரணி தாண்டும்போது மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்.

"பெறந்த வீட்டுக் கோடி நாமதான போடணும். நீ போயி நல்லதாப் பாத்து எடு. எனக்கு எறங்கத் தெம்பில்ல."

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதைத்தான் கோடி என்போம். கடைசியாக உடம்பில் ஏறுவது அதுதான். பிறந்த வீடென்றால் இப்போது அவர் ஒருவர்தான், அவருக்குச் சேலை எடுக்கத் தெரியாது. ஆக, என் நாத்தனாருக்குக் கடைசிச் சேலையை எடுக்கப் போகிறவள் நான். அது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அழுகிறவருக்குப் பக்கத்தில் சிரிக்கக் கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கடையில் கோடி என்று சொன்னதுமே வாசல் ஓரத்து அடுக்கைக் காட்டினார்கள். கோடியை யாரும் நிறம் பார்த்து எடுப்பதில்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மேலாகவே இருந்தது, பொடிக் கலர். கையை நீட்டிவிட்டேன். தொட்டும்விட்டேன். அப்போது யோசித்தேன். இதைக் கொண்டுபோய்ப் போட்டால் அவளுக்கு என்ன நஷ்டம்? நிம்மதியாகப் படுத்திருப்பாள். "இவளுக்கு அது போதும்" என்று அவள் சொன்னதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"மாடிக்குப் போகணும்" என்றேன்.

"கோடிக்கு யாரும்மா மாடிக்கு வருவா?" என்றாள் கடைப்பெண்.

"நான் வாரேன். நட."

இருப்பதிலேயே பெரிய பூவாகக் கேட்டேன். ரத்தச் சிவப்பில் தாமரைத் தாமரையாகப் பூத்த மைசூர் சில்க் ஒன்றை விரித்தாள். கையில் வழுக்கிக்கொண்டு போனது. விலையைப் பார்க்காமல் கட்டச் சொன்னேன். பழக்கத்தில் அந்தப் பெண் கேட்டாள்: "ஃபால்ஸ் வைக்கணுமாம்மா? மாத்தறதா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள பில்லோட வாங்க."

"மாத்த வரமாட்டா ஆத்தா" என்றேன்.

கோடியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எழுமலையிலிருந்து வந்த கிழவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "தாலி அறுத்தவளுக்கு இந்தச் செவப்பா? இந்த வயசுலயா?" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன். வேறு யாரையோ பார்த்து அல்ல, தெய்வானையைப் பார்த்து, அவள் வாசலில், நூறு பேர் முன்னால் அந்தச் சொல் விழுந்தது. "பொறந்த வீட்டுக் கோடி, வேணாம்னு சொல்லக் கூடாது" என்றேன். நாத்தனார் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "குடுங்கத்த" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குளிப்பாட்டிக் கட்டி, நாற்காலியில் சாத்தி உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரர் போனதிலிருந்து சாம்பலாகத் திரிந்தவள் அந்தச் சிவப்பில் திடீரென்று பழைய தெய்வானையாக உட்கார்ந்திருந்தாள். மூக்கும் முழியும் எடுத்தது. வாயைப் பொத்திய அதே கிழவி, "மகராசி, கல்யாணப் பொண்ணாட்டம்ல இருக்கா" என்று ஒப்பாரியை ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "யாரு எடுத்தது? என்னா நயமான சேல!" என்று தடவிப் பார்த்தாள். நான் வயிறு எரிந்து நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சிவப்பு அப்படி எடுக்காது. செத்தும் ஜெயித்துவிட்டாள். தத்தனேரி சுடுகாட்டுக்கு வண்டி கிளம்புகிற வரைக்கும் அவளையே முறைத்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு நல்ல துணி கிடைக்கிறது. கேட்ட நிறம், கேட்ட நயம், என் சைஸ். மூலையைக் காட்டுகிற கையெல்லாம் எங்கே போயிற்றோ, ஒன்றையும் காணோம். போன வாரம் பேரையூரில் ஒரு காதுகுத்து. மயில் கழுத்துக் குர்தாவில் போய் இறங்கினேன். வயதுப் பெண்கள் சுற்றி நின்று, "சூப்பர் அம்மாச்சி", "எங்க எடுத்தீக?" என்று பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும். பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத பெண்ணொருத்தி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசம் வந்தது. இரண்டு வாய் குடித்தேன். சர்க்கரை போதவில்லை, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.