காருக்குள் ஒரு 'ஙீ...'

இன்று அப்பாவை ஏற்றிக்கொண்டு பந்திங்கிலிருந்து கிள்ளானுக்கு வந்தேன். வழியெல்லாம் காருக்குள் 'ஙீ...' என்று ஒரு சத்தம்.

ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

பின்சீட்டில் தலை சாய்த்திருந்த அப்பா, "எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றார்.

நேராக வொர்க்‌ஷாப்புக்கு விட்டேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து, "பெல்ட்டாதான் இருக்கும் லா. கழட்டிப் பாத்துருவோம். நீங்க போய் சாப்ட்டு வாங்க" என்றார்.

பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது அப்பாவுக்கு அழைப்பு வந்தது. போனைக் காதில் வைத்தார்.

'ஙீ...'

காரில் கேட்ட அதே சத்தம்! போனைக் காதிலிருந்து எடுத்தால் நின்றது. வைத்தால் மறுபடி வந்தது.

அப்பாவுக்குப் புதிதாக வாங்கிய காது மெஷின்தான் கத்துகிறது. ஏதாவது அதன்மேல் பட்டால் போதும். காரில் சீட் பட்டிருக்கிறது.

"அப்பா, சத்தம் உங்க காதுலேர்ந்துதான் வருது."

"அப்ப காரு நல்லாதான் இருக்கா?" என்று சந்தோஷப்பட்டார்.

நான் வொர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். எஞ்சின் பாகங்கள் பாதி தரையில் கிடந்தன. அண்ணன் பெல்ட்டைத் தூக்கிக் காட்டி, "நான்தான் சொன்னேனே, இதான் பிரச்சன" என்றார்.

முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. இவரிடம் உண்மையை எப்படிச் சொல்வது? சீக்கிரம் யாராவது சொல்லுங்கள், எதிரிலேயே நிற்கிறார்.