ஒரு பக்கம் நீண்ட சட்டை

என் அண்ணன் லிங்கேஸ்வரனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் வீடு தேடிப் போய் நாலு கேள்வி கேட்பேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் மேலகரத்துக்கு மூடியே கிடையாது.

அப்படி அவன் என்ன செய்துவிட்டான்? குடித்தானா, சீட்டாடினானா? தென்காசியில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறான். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது, வீட்டு ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டது எல்லாம் அந்தக் கவுண்டரில் நின்ற கால்தான். அவனுக்கென்று இருந்த ஆசை ஒன்றே ஒன்று, உடுப்பு. அதுவும் எல்லாரும் போடுகிற உடுப்பு இல்லை.

போனில் ஜப்பான்காரர்கள் தைக்கிற சட்டைகளைப் பார்த்துப் பார்த்து வந்த பித்து அது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. காலர் ஒரு பக்கம் மட்டும். விளிம்பை மடித்துத் தைக்காமல் நூல் தொங்கவிட்டிருப்பார்கள். நம் ஊரில் பூப்போட்ட துணியை டிசைனர் சட்டை என்று விற்கிறார்களே, அது அவனுக்கு ஆகாது. "ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் இருக்கணும்னு எவன் சொன்னான் பிள்ள?" என்று என்னிடம் கேட்பான். எனக்குப் பாதி புரியாது. ஆனால் அதைப் பேசும்போது அவன் முகம் தெளிந்திருக்கும், எனக்கு அது போதும்.

அந்த மாதிரிச் சட்டை தென்காசியில் ஏது, திருநெல்வேலியில்தான் ஏது? வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, பொதிகை ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போவான். மாடி மாடியாக ஜவுளிக்கடை இருக்கிற தி.நகர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டான். அவன் போவது ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்கு. கடைக்கு போர்டு கிடையாது. மாடி ஏறினால் ஒரு கறுப்புக் கதவு. உள்ளே கல்யாண மண்டபம் போல இடம் இருக்குமாம், தொங்குவதோ பத்துப் பன்னிரண்டு உடுப்புதானாம். "ஒவ்வொண்ணையும் சுத்தி வந்து பாக்கலாம்லா" என்பான். முதல் தடவை போனபோது கீழே நின்ற காவல்காரர், "டெலிவரியா தம்பி?" என்று மறித்திருக்கிறார். "ஆமா அண்ணாச்சி, எனக்குத்தான் டெலிவரி" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டானாம். இவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை, எரிச்சல்தான் வந்தது. பிறகு அந்தக் கடைக்காரர்களே அவனைத் தென்காசி சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சொந்த ஊரில் அவனை ஒருத்தன் சார் என்றது கிடையாது.

ஊரில் என்ன மரியாதை தெரியுமா? சாரல் நேரத்தில் கறுப்புச் சட்டை ஒரு பக்கம் காற்றில் பறக்க ஐந்தருவி ரோட்டில் நடந்தால், குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் செல்ஃபி கேட்பார்கள். எங்கள் ஊர் ஆட்கள் டீக்கடையில் இருந்தபடியே, "ஏலே லிங்கேசு, தச்சவன் பாதியில செத்துட்டானாலே?" என்பார்கள். "மிச்சச் சட்ட பின்னால பார்சல்ல வருதாம்டே" என்பான் இன்னொருத்தன். பெண் கேட்டுப் போன இடத்தில், பையன் ஒரு மாதிரி என்று கையை விரித்தார்கள். அம்மா மட்டும் அந்தச் சட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். துவைத்துக் காயப்போட்டு, மடித்து வைத்துவிடுவாள்.

எனக்கு இலத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் மணிகண்டபிரபு, நல்ல மனுஷர். ஆனால் அவருடைய தாய்மாமா பாண்டிராஜைக் கேட்காமல் அந்த வீட்டில் உப்புக்கூடப் போடமாட்டார்கள். இப்போதெல்லாம் கல்யாணத்தில் ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே கலரில் சட்டை எடுக்கிறார்கள் இல்லையா? அந்த மாமா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மெரூன் எடுத்துவிட்டார். எங்களில், பெண்ணோடு பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வரவேண்டும். "அந்த ஒரு நேரத்துக்கு நான் என் சட்டையில வாரேன் மாமா" என்றான் அண்ணன். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அந்தச் சட்டைக்கு அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குக் கறுப்பு ஆகாது. கடைக்காரர்களோ கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் தைப்பதில்லை. நேரில் போய்க் கெஞ்சிக் கூத்தாடிச் சந்தன நிறத்தில் தைக்க வைத்தான். வலது பக்கம் இடுப்போடு நிற்கும். இடது பக்கம் சரிந்து முழங்கால் வரை இறங்கும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மட்டும் போட்டுக் காட்டினான். "நடக்கும்போ இந்தப் பக்கம் மட்டும் ஆடுது பாத்தியா?" என்றான். என் அண்ணன் அவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாண்டிராஜ் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். "மதினி, கோட்டிக்காரன் வேசத்துல மேடையேறி எங்க மானத்த வாங்கவா? உங்க மகன் ஒத்துக்கிடலன்னா சித்தப்பா மகன் கூட்டிட்டு வரட்டும்" என்றார். அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "எங்கண்ணன் அவன் சட்டையில வந்து உங்களக் கூட்டிட்டு வந்தாத்தான் நான் மேடைக்கு வருவேன். இல்லன்னா உங்க மாமாவையே பக்கத்துல உக்கார வச்சுத் தாலியக் கட்டிக்கோங்க" என்றேன். அவர் சிரித்தார். "மச்சான் எதப் போட்டா என்ன? நான் பேசுதேன்" என்றார், பேசியும் முடித்தார். அண்ணன் அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மணப்பெண் அறையின் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேளம் முழங்க, அண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். சந்தனச் சட்டைதான். ஆனால் எந்தப் பக்கமும் ஆடவில்லை. இரண்டு பக்கமும் இடுப்போடு, ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி நின்றது. விளிம்பெல்லாம் மடித்துத் தைத்திருந்தது. காலருக்கு இன்னொரு பாதியும் வந்திருந்தது. "இதுதாம்டே சட்டை! இத அன்னைக்கே காட்டியிருந்தா எதுக்குச் சண்ட?" என்று பாண்டிராஜ் மாமா அவன் முதுகில் தட்டினார். அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"எவன் செஞ்சான் இத?" என்று நான் கத்தினேன்.

பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் முகம் முழுக்கப் பெருமை. "நாந்தாம்ட்டி. இஸ்திரி போட எடுத்தேன், இதும் பாதி தச்ச சட்ட. நம்ம டெய்லர்ட்ட குடுத்து, வெட்டுன துணியிலயே காலரும் வச்சு வாங்கிட்டேன். இத்தன வருசமும் எனக்கும் ஒனக்கும் வீட்டுக்கும் செலவழிச்சிட்டு, கடைக்காரன் கழிச்சுப் போட்டதத்தான அவன் மலிவா வாங்கிப் போட்டான்? கேட்டா வருத்தப்படுவான்னு நானும் கேக்கல. ஒன் கல்யாணத்துலயாவது எம் புள்ள முழுச் சட்ட போடட்டும்" என்றாள்.

தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போகிற வழியில் அண்ணனிடம், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவன் அப்போதுதான் கோபப்பட்டான். "வாயத் தொறந்தா பாரு. நான் இல்லாத கொறைக்குக் கழிசலப் போட்டுத் திரியுதேன்னு இத்தன வருசம் மனசுக்குள்ள அழுதிருக்கா. இப்பம் போயி, அதுதான் வெல கூடுன சட்டன்னு சொல்லுவியா? சவத்த விடு" என்றான்.

விட்டுவிட்டான். அந்த வருஷம் தீபாவளி ஓய்ந்த பிறகும் அவன் சென்னைக்குப் போகவில்லை. லிங்கேசு திருந்திவிட்டான் என்று டீக்கடையில் பேசுகிறார்களாம். திருந்துவதற்கு அவன் என்ன திருடினானா?

பொங்கலுக்கு நான் இலத்தூரிலிருந்து வந்திருந்தபோது அம்மா அவனுக்குத் தென்காசியில் ஒரு கட்டம் போட்ட சட்டை எடுத்து வைத்திருந்தாள். "ரெண்டு கையும் சரியா இருக்கா பாருலே" என்றாள். அவன் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டிக் காட்டினான்.

"சரியா இருக்கும்மா."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.