தலை தீபாவளிக்கு நான்கு ஆன்டெனா

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். ஆன்டெனா வடிவமைக்கிற வேலை அவளுக்கு. குரலில் ஏகச் சலிப்பு.

"அப்பா, நூத்துக்கணக்குல ஆன்டெனாவை வரிசையா நிறுத்துறோம். எல்லாத்துக்கும் கரன்ட் கொடுத்தா கட்டுப்படியாகாது. சிலதுக்கு மட்டும் கொடுத்து அதே வேலையை வாங்கணும். எதுக்குக் கொடுக்கிறது, எதை விடுறதுன்னு மண்டை காயுது!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதை உங்கம்மா போடியில தாத்தா வீட்டு மொட்டைமாடியிலேயே முடிச்சிட்டாளேடி!"

எண்பதுகளின் கடைசி. எனக்குத் தலை தீபாவளி. மாமனாருக்குப் போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். தெருவில் முதல் டிவி அவருடையதுதான். கொடைக்கானலிலிருந்து வருகிற படம் கொஞ்சம் புள்ளியோடு தெரியும். அவருக்கு அதுவே பெருமை. சாயங்காலம் தீபாவளிப் படம் பார்க்கத் தெருவையே அழைத்துவிட்டார். தோட்டத்து ஆட்களை ஜீப்பு அனுப்பி மலையிலிருந்து இறக்கியாயிற்று.

என் மச்சான்மார் மூன்று பேருக்கு மனசு கேட்குமா? புது மாப்பிள்ளைக்குப் புள்ளிப் படமா? சீர் மாதிரி ஆளுக்கொரு ஆன்டெனா, பூஸ்டரோடு... ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே! அத்தனையையும் மாமனாரின் பழசுக்குப் பக்கத்தில் நட்டு, நான்கு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டார்கள்.

விளைவு? திரை முழுக்க ஈசல். செய்தி வாசிப்பவருக்கு மூன்று தலை.

"அண்ணே, உன்னதுதேன் கெடுக்குது!"

"போடா, உன்னது கொடைக்கானலப் பாக்காம போடிமெட்டப் பாத்துல்ல நிக்குது!"

மாடியில் இந்தச் சண்டை. கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜமக்காளத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்னப்பு, டிவிக்குள்ள மழையா?" என்று கேட்டுவைத்தார். மாமனார் முகம் சுண்டிப்போனது. பாவமாக இருந்தது எனக்கு.

ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவன் நான். கை பரபரக்காதா? ஆனால் எழுந்தால் போதும்—

"மாப்ளே, உக்காருங்க! தலை தீபாவளிக்கு வந்தவுகள சோலி பாக்க விட்டா ஊரு காறித் துப்பும்!"

மாமனார் என் கையில் இன்னொரு அதிரசத்தைத் திணிப்பார்.

மனைவி காதில் கிசுகிசுத்தேன். "நாலும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது. ஒண்ணு போதும். மூணைக் கழட்டச் சொல்லு."

"எந்த அண்ணனோடதக் கழட்டுனாலும் வெட்டுக்குத்துதேன். பொறுங்க, வர்றேன்."

"வெரசா வாங்க, பணியாரம் ஆறுது!" என்று அண்ணன்மாரைக் கீழே இறக்கினாள். காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் தான் மேலே போனாள். கொஞ்ச நேரத்தில்... படம் வந்துவிட்டது! லேசாகப் புள்ளி, அவ்வளவுதான். ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். நான்கு ஆன்டெனாவும் அப்படியே நிற்கின்றன. மூன்றின் ஒயரை மட்டும் பிரித்து, துணிக்கயிற்றோடு சுற்றி மறைத்திருக்கிறாள், கெட்டிக்காரி!

"பாத்தீகளா, என் ஆன்டெனா!" என்று மூன்று பேருமே மார்தட்டினார்கள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தார்.

கல்யாண வீடு, கோயில் கமிட்டி... எங்கேயும் இதே கதைதானே? எல்லாரும் நிற்கத்தான் வேண்டும். எல்லாருக்கும் ஒயர் கொடுத்தால்தான் வம்பு.

போனில் கதையைக் கேட்டு முடித்த மகள் விடுவதாக இல்லை. "போனை அம்மாகிட்ட குடுங்க. ஏம்மா, எந்த மாமாவோடதும்மா கனெக்‌ஷன்ல இருந்துச்சு?"

அட, இத்தனை வருஷத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லையே!

"ஒரு மாமனோடதும் இல்லடி. எங்கப்பாவோட பழசுதேன். ஊரக் கூப்புட்டது அவருல்ல?"