பச்சைச் சேலைக் கல்யாணம்

கல்யாணக் காட்சி வந்ததும் நமச்சிவாயம் படத்தை நிறுத்துவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெறுங்கண்ணால் ஒரு பார்வை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி ஒரு பார்வை. போனை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து இன்னொன்று. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்பார்: "அந்தப் பொண்ணு அன்னிக்கு அரக்குச் சேலைதான கட்டிக்கினு இருந்துச்சு?" அவர் மனைவி கிருஷ்ணவேணி கரண்டியைக் கீழே வைக்காமலே, "ஷூட்டிங்குக்குப் போனது நானா நீயா?" என்பாள். படம் போனுக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலப் பேச்சு இதைத் தாண்டிப் போனதில்லை.

முசரவாக்கத்தில் அவரை எல்லாரும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்பில் வந்த பெயர் அல்ல, தொழிலில் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் குடியானவர் வீடானாலும் நெசவாளர் வீடானாலும் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்றால் அவருக்குத்தான் ஆள் வரும். பழைய மொபெட்டில் காலடியில் ஓமகுண்டத்துச் செங்கல், பின்னால் தர்ப்பைக் கட்டு, வாயின் ஓரத்தில் எந்நேரமும் ஒரு கிராம்பு. மணப்பெண் யாராயிருந்தாலும் அவருக்குப் பாப்பா. மாப்பிள்ளை கலெக்டரே ஆனாலும் தம்பி. பந்தியில் உட்கார்ந்ததும் முதலில் ரசம் கேட்பார். சாம்பார் தொண்டையைக் கெடுக்கும் என்பது அவராகக் கண்டுபிடித்த வைத்தியம். சடங்கு முடிந்தது என்று சொல்லமாட்டார், "நிறைஞ்சுது" என்பார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. தொடங்கிய மந்திரத்தைப் பாதியில் விடமாட்டார். மாகறலில் ஒரு கல்யாணத்தில் மழைக்குப் பந்தல் சரிந்து, வந்தவர்கள் இலையோடு ஓடியபோது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் குனியவைத்து, தானும் குனிந்தபடி மிச்சத்தைச் சொல்லி முடித்தவர். "பாதியில வுட்டா அது அந்தரத்துல நின்னுக்கினு இருக்கும்பா" என்பார். அவருடைய அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பிடிவாதம்தான் இப்போது அவரைப் படுத்துகிறது.

நடந்தது இதுதான். போன வருஷம் சினிமாக்காரர்கள் முசரவாக்கத்துத் தோப்பில் கல்யாணப் பந்தல் போட்டார்கள். புரோகிதர் வேஷத்துக்கு ஆள் தேடினார்கள். வேஷம் எதற்கு, ஆளே இருக்கிறார் என்று யாரோ நமச்சிவாயத்தைக் கைகாட்டிவிட்டார்கள். கதாநாயகிக்குக் கட்டியது பிள்ளையார்பாளையத்து ராஜவேலு தன் தறியில் நெய்த அரக்குப் பட்டு, கடுகு மஞ்சளில் கரை. இரவல் சேலையில் கறை கிறை பட்டுவிடப் போகிறதென்று ராஜவேலு தன் மகள் அபிநயாவைக் காவலுக்கு அனுப்பியிருந்தார். மத்தியானத்துக்கு மேல் கதாநாயகியும் கதாநாயகனும் கார் ஏறிப் போய்விட்டார்கள். தாலி கட்டுகிற கைகளைப் பக்கத்தில் வைத்து எடுப்பது மட்டும் பாக்கி. யார் கையாக இருந்தால் என்ன என்று, சேலையை வாங்கிப் போக நின்றிருந்த அபிநயாவுக்கே அதைக் கட்டி உட்காரவைத்தார்கள். பக்கத்தில், படக்குழுவுக்கு வேன் ஓட்டிவந்த தினேஷ் என்கிற பையன். டைரக்டர் நமச்சிவாயத்திடம், சத்தமே வேண்டாம், உதடு அசைந்தால் போதும் என்றார்.

உதட்டை மட்டும் அசைக்க நமச்சிவாயத்துக்குத் தெரியாது. தொடங்கினார். கேமராவை நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. விளக்குகளைக் கழற்ற வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முறைப்படி மூன்று முடிச்சும் போடவைத்து, அட்சதை தூவி, நிறைஞ்சுது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். அபிநயா தாலியைக் கழற்றிப் பொருள் பார்த்துக்கொள்கிற ஆளிடம் கொடுத்தாள், சேலையில் கறை இல்லையென்று பார்த்து மடித்தாள், வீட்டுக்குப் போனாள். தினேஷ் வேனைக் கிளப்பிக்கொண்டு சென்னைக்குப் போனான், அதோடு அவனை யாரும் பார்க்கவில்லை. நமச்சிவாயமும் ரசம் சாப்பிட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் மறந்துபோனார்.

படம் ஐப்பசியில் வந்தது. ஊரே காஞ்சிபுரத்துத் தியேட்டருக்குத் திரண்டு போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டுக் குழம்பியது. பந்தல் முழுக்க வெள்ளைப் புகை. ஓமத் தீ நெஞ்சு உயரத்துக்கு எழும்பி ஒரு பக்கமாகச் சாய்கிறது. தாலி தண்ணீருக்குள் போவது போல மெல்லப் போகிறது. கை அபிநயாவுடையது, முகம் கதாநாயகியுடையது, சேலையோ பச்சைப் பசேல் என்று கிளிப்பச்சை. அடுத்த காட்சியில் கதாநாயகி ரயிலில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் ஒன்றும் இல்லை. கல்யாணம் நடந்ததா, அவள் கண்ட கனவா என்று படம் கடைசிவரை சொல்லவேயில்லை. டீக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ராஜவேலுவுக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாரே. "எந் தறியில போன வருசம் பச்சையே ஏறல. அது எஞ் சேலையே இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டு நமச்சிவாயமும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு, ராஜவேலு வெற்றிலைப் பாக்குத் தட்டோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நின்றது. அபிநயாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாகறல், பெயர் விமல்ராஜ், தையில் முகூர்த்தம், ஐயர்தான் வந்து நடத்தி வைக்கவேண்டும். தட்டை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. இந்தப் பெண்ணுக்குத்தான் ஏற்கெனவே ஒரு எழுத்து விடாமல் சொல்லித் தாலி கட்டவைத்தாயிற்றே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த முறை ராஜவேலு வந்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றார்.

வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. மூன்று தலைமுறையாக வருகிற ஐயர் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வர மறுத்தால், பெண்ணிடம் என்ன குறையோ என்று மாகறல் வரைக்கும் வாய் நீளும். முகூர்த்தமே நின்றுபோகும். வருகிறேன் என்று சொன்னாலோ, இன்னொருத்தன் பெண்டாட்டிக்கு மறுபடி தாலி எடுத்துக் கொடுத்த பாவம். சினிமாவில் கட்டியதெல்லாம் கல்யாணமா என்று யாராயிருந்தாலும் சிரிப்பார்கள், அது அவருக்கும் தெரியும். ஆனால் அது சினிமா என்று மந்திரத்துக்குத் தெரியுமா? ஏகாம்பரநாதர் கோயிலில் வருஷா வருஷம் பங்குனியில் சாமிக்கும் அம்மனுக்கும் கல்யாணம் நடக்கிறது. அது வெறும் நடிப்பு என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் வீட்டுக்குப் போவதில்லை. பெண்கள் அங்கேயே புதுச் சரடு மாற்றிக்கொள்கிறார்கள். இந்த இடத்துக்கு வந்ததும் அவருக்குத் தலை சுற்றும்.

படத்தை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அது கனவென்றால் கல்யாணமே நடக்கவில்லை. பச்சைச் சேலைக்காரி வேறு யாரோ என்றாலும் சரி. தீ பொய் என்றால் அக்கினி சாட்சி இல்லை, கட்டியது செல்லாது. மூன்றில் ஒன்று போதும். வாலாஜாபாத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற பாண்டியனிடம் போனார். பல முகூர்த்தங்களில் ஒன்றாக வேலை பார்த்த பழக்கம்.

பாண்டியன் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, முன்பெல்லாம் கனவென்றால் புகை விடுவார்கள், ஓரங்கள் மங்கலாக இருக்கும், குழந்தைக்கும் தெரியும் என்றான். "இப்ப கனவை நெசம் மாரி எடுக்கறாங்க. நெசத்தைக் கனவு மாரி எடுக்கறாங்க. பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னுதான் அப்பிடி எடுக்கறதே, ஐயரே."

"எடுத்தவனுக்காச்சும் தெரியுமா?"

"அதைப் பேட்டியில கேக்கறாங்க. அவரு சிரிக்கறாரு."

சேலை விஷயம் இன்னும் சீக்கிரம் முடிந்துபோனது. பாண்டியன் அவரை அங்கேயே ஒரு போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் எதையோ இப்படி அப்படி நகர்த்தினான். மஞ்சள் வேட்டி நீலமாகிவிட்டது. அதற்கு ஏற்றபடி கையிலும் முகத்திலும்கூட லேசாக நீலம் ஏறியது. நமச்சிவாயம் பதறிப்போய் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தீயைப் பற்றிக் கேட்டதற்கு, வைத்ததாகவும் இருக்கலாம், பிறகு சேர்த்ததாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருந்தது நீங்கள்தானே என்று பாண்டியன் அவரிடமே திருப்பிக் கேட்டான்.

பக்கத்தில் இருந்தது அவர்தான். அதனால்தான் குழப்பம். தீ நெஞ்சு உயரம் எழும்பி ஒரு பக்கம் சாய்ந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது படத்தில் பார்த்தது என்கிறாள் கிருஷ்ணவேணி. பட்டுச் சேலை, ஓலைப் பந்தல், நெருப்பு வேண்டாம் என்று ஒருத்தன் ஆரஞ்சு பல்பும் சின்ன ஃபேனும் துணியும் கொண்டுவந்து குண்டத்தில் பொய்த் தீயாக வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. பிறகு மனசு கேட்காமல் தானே ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றிவைத்தாரா, அது வேறு கல்யாணமா? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். புகை வந்தது, தீ வந்தது, தீக்குப் பின்னால் மந்திரம் சொல்லிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். பார்த்தால் அந்த ஆள் அவரேதான். தன் முகத்தைத் தானே எதிரிலிருந்து பார்ப்பது எப்படித் தன் ஞாபகமாகும்? அவருக்குப் பயமாக இருந்தது. அறுபதைத் தொடுகிற வயசில் புத்தி பேதலிக்கிறதோ என்று நிஜமாகவே பயந்தார். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அன்றைய தினம் இன்னும் கொஞ்சம் அழிந்து அங்கே படம் ஏறிக்கொள்கிறது என்று தெரிந்தும் பார்ப்பதை விடமுடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிநயாவே வந்துவிட்டாள். ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல், ஏன் எங்கள் வீட்டுக்கு வராமல் நழுவுகிறீர்கள் என்று கேட்டாள். நமச்சிவாயம் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"கட்டிக்கப் போறவரும் படம் பார்த்துட்டாரு ஐயரே. கையப் பார்த்ததும் நான்தான்னு கண்டுபுடிச்சிட்டாரு. தாலி கட்னது யாருன்னு கேட்டாரு. கைதான் என்னுது, தாலி கிராபிக்ஸ்னு சொல்லிட்டேன்." ஹெல்மெட் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இப்ப நீங்க வரலன்னா, ஏன் வரலன்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் எல்லாம் வெளிய வரும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, அவள் கிளம்புகிற நேரத்தில், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்: "அன்னிக்கு நெருப்பு இருந்துச்சா பாப்பா?"

"இருந்துச்சே. இவ்ளோ உசரம்..." என்று கையைத் தூக்கியவள், அப்படியே நின்றாள். முகம் மாறிப்போயிற்று. "தெரியல ஐயரே. கால் மரத்துப்போனதுதான் நெசமா ஞாபகம் இருக்குது. மத்தது எல்லாம் படம்தான் வருது."

வர்றேன் பாப்பா என்று சொல்லி அனுப்பினார். சொன்னாரே தவிர, மனசு ஒரு இழையளவும் தெளியவில்லை.

முகூர்த்தம் வாலாஜாபாத்தில் ஒரு மண்டபத்தில். வீடியோவுக்கு வந்தது பாண்டியனேதான். மேடைக்குக் கீழே இரண்டு பக்கமும் மெஷின் வைத்து வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டிருந்தான். மேலே ஒரு விளக்கு மஞ்சளாகவும் ஒன்று நீலமாகவும் எரிந்தது. ராஜவேலு பிடிவாதமாக மறுபடி அரக்கே நெய்து மகளுக்குக் கட்டியிருந்தார். ஆனால் அந்த வெளிச்சத்தில் அது அரக்கா, கத்திரிப்பூவா, வேறு ஏதாவதா என்று அவராலேயே சொல்ல முடிந்திருக்காது. புகைக்கு நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தார்கள். தாலி கட்டும்போது கையைக் கொஞ்சம் மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லி விமல்ராஜிடம் பாண்டியன் கேட்டுக்கொண்டான். அவனும் சரி என்றான்.

நமச்சிவாயம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். புகை, விளக்கு, கேமரா. டைரக்டர் எங்கே என்று அவர் கண் தன்னாலே தேடியது. எதிரே குண்டத்தில் தீ எழும்பி ஒரு பக்கம் சாய்ந்தது. அது இங்கே எரிகிறதா, போனில் எரிகிறதா என்று அந்த ஒரு நொடி அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. சபையில் அத்தனை பேர் காத்திருந்தார்கள். விமல்ராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெய்க் கரண்டியை எடுத்து அபிநயாவின் கையில் கொடுத்தார். அவள் நீட்டி நெய்யை விட்டாள். விட்ட பிறகும் கையை எடுக்க விடாமல் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறக்கினார். இன்னும் இறக்கினார். வளையல் சூடேறியிருக்கவேண்டும். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, "சுடுது ஐயரே" என்றாள்.

நமச்சிவாயம் தன் உள்ளங்கையையும் அதே இடத்தில் நீட்டிப் பார்த்தார். பொறுக்கமுடியாமல் எடுத்தார். படத்துத் தீ ஒருநாளும் இப்படிச் சுட்டதில்லை. அந்தக் கையாலேயே தாலியைத் தட்டிலிருந்து எடுத்து விமல்ராஜிடம் கொடுத்துவிட்டு, மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக் கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டினார்.