ஐஸ் பெட்டியில் இன்சுலின்

பயப்படுவதற்காகவே அரசாங்கம் ஞானசெல்விக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று அவள் கணவன் சொல்வதுண்டு. காசிமேட்டுப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். டாக்டருக்குப் பாதி நாள் இங்கே, பாதி நாள் வேறு நிலையத்தில். அவர் இல்லாத பாதியில் சர்க்கரை, பிரஷர், பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் இவள் பொறுப்பு. நோயாளி வந்தால் என்ன ஆகுமோ என்று பயப்படுவாள். வராவிட்டால் வீட்டுக்கே போய்ப் பயப்படுவாள்.

கொஞ்ச நாளாக அந்தப் பயமெல்லாம் மீன்காரி மங்கம்மாவின் மேல் குவிந்திருந்தது. இன்சுலின் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்வதாக அவள் அம்மன்மேல் சத்தியம் செய்தாள். சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஞானசெல்வி சத்தியத்தையும் நம்பினாள், ரத்தப் பரிசோதனையையும் நம்பினாள். இரண்டையும் நம்புகிறவளுக்கு ஊசியின் அளவைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. டாக்டரிடம் போனில் கேட்டு, கேட்டு, கூட்டினாள். அன்று காலையும் கூட்டிய அளவைச் சொல்லி, புதுக் குப்பியைக் கொடுத்து அனுப்பினாள். மங்கம்மா அதை மடியில் செருகிக்கொண்டு ஏலத்துக்கு ஓடிவிட்டாள்.

அடுத்து மலரின் வீடு. அவளும் மீன்காரி, அவளுக்கும் சர்க்கரை, அதுவும் இறங்காத சர்க்கரை. எப்படிப் போட்டுக்கொள்கிறாய், காட்டு என்றாள் ஞானசெல்வி. மலர் மீன் பெட்டியைத் திறந்து, வஞ்சிரத்துக்குக் கீழே கைவிட்டு, கல்லாய் உறைந்த குப்பியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருக்க ஆரம்பித்தாள்.

"மங்கம்மாக்கா சொல்லிக் குடுத்துச்சு சிஸ்டர். ஐஸு மேல உப்பு தூவினா நல்லா கெட்டியா நிக்கும்."

உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின். இத்தனை நாளும் மங்கம்மா போட்டுக்கொண்டது வெறும் தண்ணீர். தண்ணீருக்குத்தான் அளவைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்று மடியில் போனதோ ஐஸையே பார்க்காத, உயிருள்ள மருந்து. கூட்டிய அளவில் அதைப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

மங்கம்மாவுக்குப் போன் போட்டாள். அடித்தது, எடுக்க ஆளில்லை. மலரிடம் ஊசி போட வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஞானசெல்வி ஆட்டோவில் ஏறினாள். மீன் வண்டிகள் வழிவிடவில்லை. பாதியில் இறங்கி ஓடினாள்.

மங்கம்மா ஏலக்கூடத்தின் ஓரத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டாத நாளில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. சர்க்கரை தாழ்ந்தாலும் மனிதர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தையும் இந்தக் கோபத்தையும் பிரித்தறிய ஞானசெல்விக்கு ஒரு வழிதான் இருந்தது. கழுத்தைத் தொட்டாள். சில்லென்று வேர்த்திருந்தது.

மங்கம்மா ஊசி போட்டுக்கொண்டாயிற்று, பக்கத்திலிருந்த இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. டீக்கடைக்காரரிடம் சர்க்கரையை வாங்கித் தண்ணீரில் கலக்கிப் புகட்டினாள். சர்க்கரை வியாதிக்காரிக்கு நர்ஸே சர்க்கரை புகட்டுவதைச் சுற்றி நின்றவர்கள் ரசித்தார்கள்.

தெளிந்ததும் மங்கம்மா நியாயம் கேட்டாள். "நீதான ஜில்லுனு வைக்க சொன்ன?"

"பிரிட்ஜ் இல்லன்னா மண்பானைத் தண்ணில வைங்கன்னு சொன்னேன்க்கா. ஐஸ்ல வைக்கச் சொல்லல."

"மீனே கெடல. மருந்து இன்னாத்துக்குக் கெடும்?"

நியாயமான கேள்வி. ஞானசெல்வி பதிலுக்கு இட்லியை ஊட்டினாள். அவள் முழுக்க விழுங்கும்வரை காத்திருந்து, இன்னும் யார் யாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

மங்கம்மாவின் முகத்தில் பெருமை வந்தது. "எங்க குப்பத்துல ஊசி போடறவங்க அத்தினி பேருக்கும் நான்தான்."

அத்தனை பேருக்கும் அளவு கூடியிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் இந்த வாரம் புதுக் குப்பி வாங்கினார்கள் என்று ஞானசெல்வி கணக்குப் போட்டாள். டாக்டரைப் போனில் பிடித்துச் சொன்னாள். கூட்டிய அளவை யாரும் போடக் கூடாது, எல்லாரையும் உடனே வரச் சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்றார்.

அவள் எழுந்தபோது மங்கம்மாவும் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு எழுந்தாள். உட்காருங்கள் என்றதற்கு அவள் அசையவில்லை.

"நீ போய் சொன்னா எவளும் பொட்டியத் தொறக்க மாட்டா. நான் சொன்னாதான் கேப்பாளுங்க, வா."

அது உண்மை. ஞானசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தாங்கிக்கொள்வதற்கு என்று மங்கம்மா நினைத்தாள். விரல்கள் நாடியின்மேல் இருந்தன.