குரல் கடக்காத பாலம்

போர்ட் பிளேரில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "நெட் ஆ ரஹா ஹை க்யா?" என்கிறார்கள். நெட் வருகிறதா என்று அர்த்தம். இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. பத்துபஸ்தியில் என் வாடகை அறையின் கூரையை உரசுகிற மாதிரி விமானம் இறங்கும். ஆனால் ஊரிலிருந்து ஒரு போட்டோ இறங்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். எல்லாம் சாட்டிலைட் வழியாக வர வேண்டும். மேகம் போட்டால் அதுவும் போச்சு. அங்கே உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு இது புரியாது. குறை சொல்லவில்லை, அலுப்பில் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு, வீடு கட்டும் காண்டிராக்டர் ஒருவரிடம் டைப் அடிக்க, ஆறே மாதம் என்று சொல்லிக் கப்பலேறியவன் நான். வீடுகள் முடிந்தன, காண்டிராக்டர் போய்விட்டார், நான் அபர்டீன் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். அருப்புக்கோட்டையில் எனக்கென்று இருப்பது அக்கா முத்துலட்சுமி மட்டும்தான். அம்மா போனபோது எனக்கு ஒரு வயது, அவளுக்கு ஒன்பது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் நான் ஓயாமல் அழுததில் அவள் படிப்பு அதோடு நின்றது. கற்ற நாலு எழுத்தும் மறந்துபோய், இன்றைக்கு அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் குடும்பக் குழுவைச் சித்தப்பா மகன்கள் பச்சை நிறச் செயலி ஒன்றில் தொடங்கியிருந்தார்கள். கல்யாண வீடியோவும் காலை வணக்க ரோஜாவுமாக வந்து என் போன் மூச்சுத் திணறிவிடும். இன்னொரு நீல நிறச் செயலியில் வெறும் எழுத்து லேசாக வந்து சேரும். ஆனால் பச்சையில் இருப்பவரோடு நீலத்திலிருந்து பேச முடியாது. சரி, நாம்தான் கம்ப்யூட்டர்க்காரன் ஆயிற்றே என்ற திமிரில் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டேன். மதுரையில் நண்பன் கடையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஓடும். குழுவில் வரும் எழுத்தை எனக்கு அனுப்பும். நான் எழுதுவதை அங்கே கொண்டுபோய்ப் போடும். படம் வந்தால் 'படம்' என்று ஒரு வரி, குரல் வந்தால் 'குரல் பதிவு' என்று ஒரு வரி, அவ்வளவுதான். எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே கடக்கக்கூடிய பாலம் அது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அக்கா குரலில்தான் பேசுவாள். பக்கத்து வீட்டுச் செல்வி மைக் பொத்தானைக் காட்டிக் கொடுத்திருந்தாள். 'முத்துலட்சுமி அக்கா: குரல் பதிவு' என்று வரும். அதைக் கேட்கப் பச்சைச் செயலியைத் திறந்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் காத்திருந்தேன். சாப்பிட்டியா, மழையா, எப்ப வருவே, இதைத்தான் கேட்பாள். பிறகு கேட்காமலேயே "சாப்பிட்டேன்க்கா" என்றும், "சரிக்கா" என்றும் எழுத ஆரம்பித்தேன். செல்வி அதைப் படித்துக் காட்டுவாள். தினமும்தான் பேசிக்கொள்கிறோமே என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் செய்துவந்த போனும் நின்றுபோனது. சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

ஒருநாள் செல்வியே போன் செய்தாள்.

"அண்ணே, எப்ப வர்றீக? அக்கா ஆபரேசனத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காக. தம்பி வர்றேன்னுட்டான், வந்தாத்தான் படுப்பேங்கிறாக. ரத்தம் ரொம்பக் கம்மியாருக்குன்னு டாக்டரம்மா சத்தம் போடுறாக."

பச்சைச் செயலியைத் திறந்து, கடையைச் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய குரல் வந்தது. "ஏய்யா, வயித்துல ஆபரேசன் பண்ணணும்ங்கிறாக. எனக்குப் பயமா இருக்குடா. நீ பக்கத்துல இருந்தாப் படுத்துக்கிருவேன். வருவியாய்யா?" அதற்கும் கீழே என் பெயரில் 'சரிக்கா' என்று இருந்தது. நான் சரி என்றதால் குழுவில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கார அம்மாளைத் தீதி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயே பிறந்த வங்காளி. அக்காவுக்கு ஆபரேஷன் என்றேன். "சிந்தா மத் கரோ, பந்த்ரா தின் மே ஷிப் ஹை நா" என்றாள். கவலைப்படாதே, பதினைந்து நாளில் கப்பல் இருக்கிறதே! ஆறுதலாகத்தான் சொன்னாள், பதினைந்து நாள் இந்தத் தீவுக்காரர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பையைக் கட்டினேன். மறுநாள் விமானத்தில் கிளம்பினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் வெளுத்துக் கிடந்தாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சரின்னு சொன்னப்பவே எனக்குப் பாதி குணமாயிருச்சுடா" என்றாள்.

உன் குரலை நான் கேட்கவே இல்லையக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். இன்றுவரை சொல்லவில்லை. அவளால் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் அவளைக் கொண்டுபோவதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்த ஊழியர், "போர்ட் பிளேர்னு இருக்கே சார். அவசரம்னா உடனே வர்ற மாதிரி உள்ளூர் ஆளு யாராச்சும் கையெழுத்துப் போடணும்" என்றார்.

"நான் இந்த ஊர்தாங்க. கூடப் பிறந்த தம்பி."

"சரிதான் சார். இப்ப எங்க இருக்கீங்க?"

செல்விதான் முன்னே வந்தாள். என்னிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து 'தங்கை' என்று எழுதினாள்.