குப்புறப் படுத்த முதுகு

நான் பிறக்கும்போதே உதைத்துக்கொண்டு வந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் கால் வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டை அம்மா சாகும்வரை சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். இப்படிக் கால் முன்னால் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று சாந்தோமில் எங்கள் தெருவே நம்பியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் போதும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் எங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். வந்தவர் கூடத்தில் குப்புறப் படுக்கவேண்டும். நான் வலது காலால் மூன்று மிதி மிதிக்கவேண்டும். காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காதாம். மீன்காரம்மா படுத்திருக்கிறார், பங்குச் சாமியார்கூட ஒருமுறை அங்கியைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். "பாத்து மிதிமா" என்று சொல்லாத ஆளே கிடையாது.

எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம். பெரியவர்களை மிதிப்பதற்குப் பெரியவர்களே கூப்பிடுவது வேறு எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? வகுப்பில் என் கை வீங்க அடித்த கணக்கு டீச்சர் வந்து படுத்தபோது நாலாவதாக ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன். இந்தத் தடவை சீக்கிரமே விட்டுவிட்டது என்று அவரே வந்து சொன்னார். இப்போது நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வயது ஏறியும் கோபம் இறங்கவில்லை.

அக்கா எனக்கு நேர் எதிர். குனிந்த தலை நிமிராது. அவள் புருஷன் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பிளவுஸ் பிட் கிழித்துக் கொடுப்பவர். பகல் முழுக்க "வாங்க மேடம், சொல்லுங்க மேடம்" தான். நூறு துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடம்கூட முகம் சுளிக்கமாட்டார். அந்த மரியாதைக்கெல்லாம் சேர்த்து வீட்டில் அக்காவிடம் வசூல் பண்ணிக்கொள்வார். குழம்பு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். அவள் நெற்றியில் இருக்கும் தழும்பு அந்தத் தட்டின் விளிம்பு பட்டது. இடது காது அவளுக்குச் சரியாகக் கேட்காது. ஒருநாள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு அடுப்பு மேடையில் மோதியிருக்கிறார், இரண்டு பல் போயிற்று. இத்தனைக்கும் பிறகு அவர் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, எல்லாம் ஆறிப்போனபின் சமையலறையில் நின்றுகொண்டே இவள் சாப்பிடுவாள். கோயிலில் கட்டின கல்யாணம், பொறுத்துக்கோம்மா என்று அம்மா முதல் சாமியார் வரை எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்காவது பல் போயிருக்குமா?

பல் போன மறுநாள் நான் நேராக அந்தத் துணிக்கடைக்கே போனேன். என்னைப் பார்த்ததும் "சொல்லுங்க மேடம்" என்றார். கூட்டத்துக்கு நடுவில் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். என் கை நான்கு நாள் எரிந்தது, மனசு குளிர்ந்தது. ஆனால் அதே அறையை அன்று மாலையே அவர் வட்டியும் முதலுமாக அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா போன் பண்ணி, "இனிமே எனக்காக யாரையும் அடிக்காதடி" என்றாள். அதற்குப் பிறகு, என் வீட்டுக்கு வந்துவிடு என்று அவ்வப்போது வாயால் கூப்பிடுவதோடு பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன வருஷம் மயிலாப்பூரில் ஒரு பள்ளி ஹாலில் கூட்டம் என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பி.டி. டீச்சர்களை அனுப்பினார். இதய வால்வு, பெருந்தமனி நோய்களைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்கிற ஒரு சின்ன அறக்கட்டளையின் கூட்டம் அது. நடத்துகிற அம்மா அதே மயிலாப்பூர்க்காரர். மகனைப் பெருந்தமனி கிழிந்து பறிகொடுத்தவர். வாயு என்று நினைத்து ஒரு பகல் முழுக்க ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். பிரஷர் உள்ளவர் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வரலாம் என்றார்கள். அக்கா புருஷனுக்குப் பிரஷர் உண்டு, மாத்திரையை ஜன்னல் வழியாக வீசுவார். அவரைக் கூப்பிட்டால் வருவாரா? அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா மேடையில் ஒரு பாவாடைத் துணியை எடுத்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வைத்து, மைக்குக்குப் பக்கத்தில் பர்ரென்று கிழித்தார். ஹாலே திடுக்கிட்டது. "இப்படித்தான் பெரிய ரத்தக்குழாய் உள்ள கிழியும். நெஞ்சுல ஆரம்பிச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல முதுகுல போகும். திடீர்னு வரும். பிரஷர் ஏறியிருக்கறவாளுக்கு, கோபத்துல கத்தறச்சே, கனம் தூக்கறச்சே வரும். வாயுன்னு உக்காந்துண்டு இருக்காதேங்கோ. ரெண்டு கையிலயும் பிரஷர் பாக்கச் சொல்லுங்கோ. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ."

கேள்வி உண்டா என்று கேட்டபோது என் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. கல்யாண வீட்டில்கூட வாய் திறக்காத அக்கா எழுந்து நின்றாள். "முதுகு வலின்னு குப்புறப் படுத்தவர மிதிச்சா இன்னா ஆகும் மேடம்? எங்க வீட்ல ஒருத்தி கீறா, ஊர மிதிக்கறதே அவ வேலை."

ஹாலில் ஒரே சிரிப்பு. நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஐயோ, கிழிஞ்சுண்டிருக்கற துணிய இன்னும் ஒரு இழுப்பு இழுக்கற மாதிரிதான். காலை எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும்."

அக்கா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது "என் மானத்தை வாங்கிட்டியேடி" என்று நான் அவளை விரட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மாடிப்படி ஏறும்போதே கத்தல் கேட்டது. கதவைத் தள்ளினால் கூடம் முழுக்கச் சோறு, வறுத்த வஞ்சிரம் சுவர் ஓரத்தில் கிடக்கிறது. அக்கா உதடு கிழிந்து சுவரோடு சாய்ந்திருக்கிறாள். அவர் இடுப்பு பெல்ட்டைக் கையில் சுற்றி ஓங்கியிருக்கிறார். ஓங்கிய கை இறங்கவில்லை. அப்படியே மடிந்தது. நெஞ்சைப் பிடித்தார், முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"யம்மா! முதுகை எவனோ கிழிக்கிறாம்மா! பிட்டு கிழிக்கிற மாதிரி கிழிக்கிறான்!" என்று அலறினார்.

மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "வாயுடா நைனா, பிடிச்சிக்கினு கீது. நல்ல நேரத்துல வந்தமா நீ. படுடா, படு. ஏறி மிதிமா!"

அவர் சோற்றின்மேலேயே குப்புறப் படுத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு தலை நிமிர்ந்து, என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"மிதிடி."

"அக்கா, இது அந்தக் கூட்டத்துல..."

"வெறும் பிடிப்புதான். பாவம், வலிக்குது அவருக்கு. மிதி."

குரலில் ஒரு நடுக்கமில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பொய் சொல்லமாட்டேன், என் கால் துடித்தது. அந்த இரண்டு பல்லுக்கு ஒரு மிதி, காதுக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று, கணக்கு சரியாகத்தான் வந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். தெருவே கைகூப்பும், பாவம் மிதித்தும் பிழைக்கவில்லையே என்று. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிவிட்டேன்.

அப்போது அவர் தரையில் முகம் புதைந்தபடி, "பாத்து மிதிமா" என்றார்.

சனியன் பிடித்த வார்த்தை. சின்ன வயதிலிருந்து எத்தனை முதுகு அதைச் சொல்லி என்னை நம்பிப் படுத்திருக்கிறது! நின்று சண்டை போடச் சொல்லியிருந்தால் அந்த ஆளைக் கொன்றிருப்பேன். வைத்தியம் என்று நம்பிப் படுத்தவனை எப்படி மிதிப்பது? மிதித்தபிறகு நானும் அக்காவும் ஒரே மேசையில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? காலைக் கீழே வைத்தேன்.

"மிதிக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

மாமியார் என் கொண்டையைப் பிடித்துவிட்டார். "பாவி! பழி வாங்கறியா? எம்புள்ளய சாவடிக்கப் பாக்கறியா?" சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், படுத்திருந்தவர் முதுகை முழங்காலால் அழுத்தக் குனிந்தார். அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன், ஆள் போய்க் கதவில் விழுந்தார். மாமியார் கையை முறுக்கி என் முடியை விடுவித்துக்கொண்டு, பையிலிருந்த விசிலை எடுத்து ஜன்னலில் நின்று ஊதினேன். கீழே நின்ற ஆட்டோக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார். இரண்டு பேருமாகத் தூக்கினோம். ஆட்டோவில் அவர் வலி தாங்காமல் என் முன்கையைக் கடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. அக்கா எதிலும் கை வைக்கவில்லை. மீனைப் பொறுக்கித் தட்டில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

முதலில் போன நர்சிங் ஹோமில் வாயுத் தொல்லை என்று ஊசி போட வந்தார்கள். "ரெண்டு கையிலயும் பிரஷர் பாரு, இல்லாட்டி உன் கையை உடைப்பேன்" என்று டியூட்டி டாக்டரிடம் கத்தினேன். செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். என் தொல்லை விடட்டும் என்று இரண்டு கையிலும் பார்த்தார்கள். ஒரு கையில் எகிறியது, மறு கையில் ரொம்பக் கீழே இருந்தது. அதற்கப்புறம் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய், அன்றைக்கே மார்பைத் திறந்து, கிழிந்த இடத்தில் செயற்கைக் குழாய் தைத்து, வால்வையும் மாற்றினார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அக்கா, "ஏன்டி மிதிக்கல?" என்று கேட்டாள்.

அவள் பக்கம் திரும்பினேன். "நீ என் வீட்டுக்கு வந்துடுக்கா. அவரு பொழைச்சா இன்னா, போனா இன்னா, வந்துடு."

"எப்பவும் கூப்பிடற. கூட்டினு போனதில்ல" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். இப்படி ஒரு அடியை நான் வேறு யாரிடமும் வாங்கியதில்லை.

அவர் பிழைத்து வந்தார். வந்தவர் ஊரெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? "நான் துடிக்கிறேன், மச்சினிச்சி கல்லாட்டம் நிக்கிறா. என் பொண்டாட்டிதான் என் வலி பொறுக்காம மிதிடி மிதிடின்னு கெஞ்சினா. அவளுக்குத்தான் என்மேல பாசம்." இதை அக்காவின் முன்னாலேயே சொல்வார். அவள் மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பாள். புது வால்வு டிக் டிக்கென்று சத்தம் போடும், பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். கோபம் ஏறினால் சத்தம் வேகமாகும். அதனால் அடி வருவது முன்கூட்டியே தெரிகிறது என்றாள் அக்கா. ஆமாம், பாசமெல்லாம் மார்புத் தையல் ஆறும்வரைதான். ஆறியதும் டம்ளரை எறிய ஆரம்பித்துவிட்டார்.

அவர் பிழைத்ததைக் கேள்விப்பட்டு, இந்த வருஷக் கூட்டத்துக்கு அறக்கட்டளை அம்மா எங்கள் மூவரையும் அழைத்தார். பிழைத்தவரை நேரில் பார்த்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். அவர் கஞ்சி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் நான். துணி கிழிந்த சத்தத்துக்கு அவர் முகம் வெளுத்தது. பேசி முடித்ததும் பின்வரிசையில் யாரோ, சுளுக்கு என்று நினைத்து உருவிவிடலாமா, மிதிக்கலாமா என்று கேட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரே உற்சாகம். "மிதிச்சா அந்த நிமிஷமே உயிர் போயிடும்! போன வருஷம் இதே ஹால்ல இதே கேள்விய ஒருத்தர் கேட்டார். அவாத்துக்காரருக்கே அது வந்தது. தெரிஞ்சு வெச்சுண்டிருந்ததாலதான் இன்னிக்கு அவர் இங்க உக்காந்திருக்கார். எழுந்திருங்கோம்மா, எல்லாரும் பாக்கட்டும்!"

அக்கா எழுந்து நின்றாள். ஹாலே கைதட்டியது. அவர் கைதட்டத் தொடங்கி, நடுவில் நிறுத்தினார். பக்கத்திலிருந்த எனக்கு அந்த டிக் டிக் கேட்டது, வேகமாக, இன்னும் வேகமாக. மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியை அண்ணாந்து பார்த்தார். அவள் அவரைக் குனிந்து பார்த்தாள். கூடத்தில் அன்று என்னைப் பார்த்த அதே பார்வை. கண்ணை எடுத்தது அவர்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கை ஓங்குவதில்லை. போன ஞாயிறு சாப்பிடப் போயிருந்தேன். அக்கா சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். அவர் தொடவில்லை. "நீ மொதல்ல சாப்பிடும்மா" என்றார், கடையில் பேசுகிற அதே குரலில். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆவி பறக்கிற சோற்றைப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அவர் தட்டில் கைவைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.